ஊதியமும் பலனும்

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்ய வேண்டும் என்று பகவத் கீதை போதிக்கிறது. அப்படியானால், மாதச் சம்பளத்திற்குப் பணிபுரியும் ஒருவர் தம் மேலாளரிடம் சென்று சம்பள உயர்வு கேட்பது முறையா? கேட்பது பற்றின் அடையாளம் ஆகாதா? ஆன்மிக நூல்களை ஆர்வத்துடன் கற்கும் இளைஞர்களின் உள்ளத்தில் எழும் கேள்வி இது. வேலையில் சேர்ந்து இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆன பொறியாளருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அல்ல. வீட்டு வாடகை, கல்விக் கடனின் மாதத் தவணை, ஊரிலிருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகிய அனைத்தும் இதனோடு பிணைந்துள்ளன.

நம் நாட்டின் பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளரின் ஆண்டுச் சம்பளம் 2010ஆம் ஆண்டு வாக்கில் 3 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அது பெரும்பாலும் 3.5 லட்சத்தை ஒட்டியே நின்றது. பெங்களூருவிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் வாடகை அவ்வாறு நிற்கவில்லை. மேலும், உள்ளே இருப்பவருக்கு ஆண்டுதோறும் சில விழுக்காடு உயர்வே கிடைக்க, வெளியிலிருந்து வருபவர் அன்றைய சந்தை நிலவரப்படி சம்பளம் பெறுகிறார். இதனால், தாம் வேலை கற்றுக்கொடுக்கும் புதியவரைவிடத் தாம் குறைவாகப் பெறும் நிலையும் ஒருவருக்கு ஏற்படுகிறது.

மௌனம் எங்கிருந்து வருகிறது?

இந்நிலையில் ஒருவர் வாய் திறவாமல் இருக்கிறார் என்று கொள்வோம். அந்த மௌனம் பற்றின்மையா? அதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். உண்மையிலேயே பற்றற்றவர் தேநீர் இடைவேளையில் நிறுவனத்தைத் தூற்றமாட்டார். சக ஊழியரின் சம்பளத்தை எண்ணி இரவில் புழுங்கமாட்டார். 'தருகிற காசுக்கு இவ்வளவு போதும்' என்று வேலையில் கை குறைக்கமாட்டார். இவை அனைத்தும் உள்ளே இருக்க, மேலாளரின் அறைக்குள் மட்டும் வாய் அடைத்துப்போகுமானால், அங்கே இருப்பது துறவு அல்ல. அங்கே ஆசையும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அச்சத்திற்கு வைராக்கியம் என்று பெயர் சூட்டுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஊதியம் வேறு, பலன் வேறு என்பதை இங்கே உணர வேண்டும். ஊதியம் இருவருக்கு இடையேயான உடன்பாடு. உழைப்பவருக்கு ஒரு கடமை இருப்பதுபோல், உழைப்பைப் பெறுபவருக்கும் ஒரு கடமை உண்டு. அக்கடமையை மரியாதையுடன் நினைவூட்டுவது அறத்திற்கு மாறானதன்று. பலன் என்பதோ நம் கையில் இல்லாத முடிவு. கேட்பது நம் செயல், கிடைப்பது பலன். பற்று விட வேண்டியது பின்னதில்தான்.

கேட்பது இரத்தல் ஆகுமே என்று சிலர் கூசுகின்றனர். திருக்குறளில் 'இரவு', 'இரவச்சம்' என்று இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. இரத்தலின் இழிவை வள்ளுவர் நன்கறிந்தவர். ஆனால் இரத்தல் என்பது பிறர் பொருளைக் கேட்பது. தன் உழைப்பின் மதிப்பைக் கேட்பவர் எவர் வாசலிலும் கையேந்தி நிற்கவில்லை.

போஸ் காட்டிய வழி

1885ஆம் ஆண்டு ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஐரோப்பியப் பேராசிரியருக்குத் தரப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அன்றைய வழக்கம். போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே அவருக்கு வகுக்கப்பட்டது. அவருடைய குடும்பமோ அப்போது கடன் சுமையில் இருந்தது. எனினும் போஸ் அந்தச் சம்பளத்தைத் தொட மறுத்தார். வகுப்புகளை மட்டும் ஒரு நாளும் புறக்கணிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் இப்படியே கடந்தன. இறுதியில் அரசு அவருக்கு முழுச் சம்பளத்தை, சேர்ந்த நாள் முதலான நிலுவையுடன் வழங்கியது.

இங்கே உரிமைக் குரலும் பற்றற்ற பணியும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பதைக் காணலாம். கோரிக்கையில் அவர் தளரவில்லை. கோரிக்கை நிறைவேறாததால் பணியும் தளரவில்லை. அவர் நின்றது தமக்காக மட்டுமன்று. பின்னால் வரவிருந்த இந்தியர்களுக்காகவும்தான். சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற நெறியை நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு கூறுகிறது. 1976இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. நியாயமான ஊதியம் ஒருவரது சொந்த ஆசை பற்றிய செய்தி மட்டுமன்று, சமூக அறமும் ஆகும் என்பதை இவை உணர்த்துகின்றன.

கேட்கும் முறை

கேட்பது சரி என்றால், எப்படிக் கேட்பது என்பதும் அறத்தைச் சார்ந்ததே. பல நிறுவனங்களில் உயர்வுக்கான மொத்தத் தொகை, கடிதம் கைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே முடிவாகிவிடுகிறது. கடிதம் வந்தபின் வருந்துவதைவிட, முன்னதாகவே பேசுவது இரு தரப்புக்கும் நல்லது. செய்த பணிகளை உள்ளது உள்ளபடி எழுதி எடுத்துச் செல்லலாம். சக ஊழியரைத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. வேறு நிறுவனம் அழைப்பதாகப் பொய் சொல்லிப் பெறும் உயர்வு, பெற்றவரின் மனத்தையே அரிக்கும். ஆசைக்கு எல்லை இல்லை என்பதும் உண்மையே. ஆகவே எவ்வளவு கேட்பது என்பதை அமைதியான மனத்துடன், பணியின் மதிப்பை வைத்து முன்பே வரையறுத்துக்கொள்வது நலம். மேலாளர் ஒரு குறையைச் சுட்டினால், அதில் உண்மை இருக்கிறதா என்று பார்க்கும் பணிவும் வேண்டும்.

உண்மையான சோதனை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. 'இப்போது இயலாது' என்ற பதில் கிடைத்த பிறகும், அன்று எழுத வேண்டிய நிரலை அதே கவனத்துடன் எழுத முடிகிறதா? வேறிடம் செல்வதென முடிவு செய்தாலும், அறிவிப்புக் காலம் முழுவதும் நேர்மையாக உழைத்து, அடுத்தவருக்கு அனைத்தையும் விளக்கிவிட்டுச் செல்ல முடிகிறதா? மாறாக, கேட்டது கிடைத்துவிட்டால், தலை கனக்காமல் இருக்க முடிகிறதா? இக்கேள்விகளுக்கு 'ஆம்' என்று விடை சொல்லக்கூடியவர், சம்பள உயர்வு கேட்டதனால் கர்மயோகத்திலிருந்து ஓர் அடியும் விலகிவிடவில்லை. கேட்க வேண்டியதை அஞ்சாமல் கேட்டு, செய்ய வேண்டியதைக் குறையாமல் செய்பவருக்கு, அலுவலகமும் சாதனைக் களமே ஆகிறது.