வெறுங்குடம் கண்டவர் கடமை





கௌசாம்பி நகரத்துப் பிக்ஷுக்கள் இரு கட்சியாகப் பிரிந்து பூசலிட்ட வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்பூசல் எதனால் மூண்டது என்பதை உரையாசிரியர்கள் கூறியுள்ளனர். பிக்ஷு ஒருவர் கழிவிடத்துப் பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துவிட்டு வெளியே வந்தார். மற்றொருவர் அது விநயக் குற்றமாகும் என்றார். முன்னவருக்கும் மாணாக்கர் பலர் இருந்தனர். பின்னவருக்கும் பலர் இருந்தனர். ஒரு கை நீர் பற்றிய பேச்சு ஊர் முழுவதும் பரவி, சங்கத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டது. பகவான் தாமே இடையில் வந்து சமாதானம் கூறியும் அவர்கள் செவி சாய்க்கவில்லை. பகவான் பாத்திரத்தையும் சீவரத்தையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தனியே புறப்பட்டுவிட்டார்.

அவ்வாறு புறப்பட்டவர் வழியில் ஒரு மூங்கிற் சோலையை அடைந்தார். அங்கே அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் தங்கியிருந்தனர். நீங்கள் ஒற்றுமையாய் இருக்கின்றீர்களா என்று பகவான் வினவ, பாலும் நீரும் கலந்தாற்போல இருக்கின்றோம் என்று அவர்கள் விடையிறுத்தனர். அது எவ்வாறு இயல்கின்றது என்று மேலும் வினவியபோது அவர்கள் கூறிய விடையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பெரிய தத்துவம் எதையும் அவர்கள் எடுத்துரைக்கவில்லை. ஊரிலிருந்து பிச்சை ஏற்று முதலில் திரும்புகிறவர் ஆசனங்களை இட்டுக் குடிநீரும் கால் கழுவ நீரும் எடுத்து வைக்கின்றார். கடைசியில் வருகிறவர் யாவற்றையும் துடைத்து உரிய இடத்தில் வைக்கின்றார். நீர்க்குடம் வெறுமையாய் இருப்பதை எவர் காண்கிறாரோ அவரே அதை நிரப்புகின்றார். தனியே தூக்க இயலாததாயின் கையசைத்து மற்றொருவரை அழைக்கின்றார். அதன்பொருட்டு வாய்ப்பேச்சும் நிகழ்வதில்லை. ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுவதும் அமர்ந்து தர்மத்தைப் பற்றி உரையாடுகின்றனர்.

ஓரிடத்தில் பாத்திரத்தில் நின்ற நீர் பகையாயிற்று. மற்றோரிடத்தில் குடத்தில் நிரப்பிய நீர் நட்பாயிற்று. இவ்விரண்டும் ஒரே பயணத்தில் பகவான் கண்ட காட்சிகளாகும். தர்மம் இரண்டிடத்திலும் ஒன்றே, விநயமும் ஒன்றே. வேறுபாடு யாதெனில், கௌசாம்பியில் ஒவ்வொருவரும் பிறருடைய குற்றத்தைப் பார்த்தனர். மூங்கிற் சோலையில் ஒவ்வொருவரும் பிறருடைய தேவையைப் பார்த்தனர்.

ஆனந்தர் ஒருமுறை பகவானை அணுகி, நல்லோர் நட்பு பிரமசரிய வாழ்வில் பாதியாகும் எனத் தமக்குத் தோன்றுவதாக விண்ணப்பித்துக்கொண்டார். பகவான் அதனை மறுத்து, பாதியன்று, முழுவதுமே அதுதான் என்றருளினார். நாம் தானத்தைப் பற்றிப் பேசுகிறோம். சீலத்தைப் பற்றிப் பேசுகிறோம். தியானத்தைப் பற்றியும் பேசுகிறோம். கல்யாண மித்திரத்துவம் என்னும் நல்நட்பைப் பற்றிப் பேசுவது மட்டும் அரிதாயுள்ளது. அது தானே வந்தமையும் என்று எண்ணிவிடுகிறோம் போலும்.

மூங்கிற் சோலையில் வாழ்ந்த துறவியர்க்கு இஃது எளிது, பெருநகரில் வயிற்றுப் பிழைப்புக்காக அலையும் இல்லறத்தார்க்கு எங்ஙனம் இயலும் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு விடையாக, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரின் வரலாறு ஒன்றைக் கூறுவோம்.

வங்கத்தின் கிழக்கெல்லையிலுள்ள சிட்டகாங் மாவட்டத்தில் வழிவழியாகப் பௌத்தர்களாக வாழ்பவர் பருவா மக்கள். பிரிட்டிஷார் ஆட்சியில் அவர்களுள் பலர் பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தனர். ஐரோப்பியர் இல்லங்களிலும் ஓட்டல்களிலும் கப்பல்களிலும் சமையல் வேலை செய்தனர். அவர்களுடைய கைப்பக்குவம் நகரெங்கும் பெயர் பெற்றிருந்தது. ஆயினும் அவர்களுக்கென்று அந்நகரில் ஒரு விகாரை இல்லை. ஒருவர் நோயுற்றால் பரித்தம் ஓதுவதற்கும், இறந்தால் திரிசரணம் சொல்லுவதற்கும் பிக்ஷு ஒருவரைத் தேட வேண்டிய நிலை.

அந்நிலையில் 1886ஆம் ஆண்டில், சிட்டகாங் மாவட்டத்து உனைன்புரா என்னும் சிற்றூரில் பிறந்த கிருபாசரணர் என்னும் இளம்பிக்ஷு கல்கத்தாவுக்கு வந்தார். அவருக்கு அப்போது அகவை இருபத்தொன்று. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர்; பெரிய கல்வி பெற்றவர் அல்லர். செல்வரும் அவருக்குத் துணையில்லை. அவர் நாடியது தம் மக்களையே. 1892ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பௌத்த தர்மாங்கூர சபை என்னும் சங்கம் தோன்றியது. பௌபஜார் பகுதியில் 1903ஆம் ஆண்டில் தர்மாங்கூர விகாரை எழுந்தது. 1908ஆம் ஆண்டில் ‘ஜகஜ்ஜோதி’ என்னும் வங்காளி மாத இதழ் வெளிவரலாயிற்று. நூல்நிலையமும் இலவசப் பள்ளியும் உண்டாயின. லக்னோ, சிம்லா, டார்ஜிலிங் முதலிய ஊர்களிலும் கிளைகள் தோன்றின. தொலைவிலிருந்து வருகின்ற யாத்திரிகர் தங்குவதற்கு அவ்விகாரை இடமளித்து வருகின்றது.

தனித்தனியே பார்த்தால் அச்சமையற்காரர்களுள் ஒருவராலும் ஒரு கல்லைக்கூட நாட்டியிருக்க முடியாது. ஒருவர்க்கொருவர் துணையென்று அவர்கள் நின்றதனால், அன்று முளைத்த சங்கம் நூற்றாண்டைக் கடந்து இன்றும் நிலைத்திருக்கின்றது. தர்மாங்கூரம் என்பதற்குத் தர்மத்தின் முளை என்பது பொருள். முளையைக் காப்பது நாள்தோறும் வார்க்கும் நீரே அன்றோ?

அருகிலிருப்பவர்க்குத்தான் இந்நட்பு கைகூடும் என்று எண்ணவும் வேண்டா. அதே கல்கத்தாவில், அதே 1892ஆம் ஆண்டில், அநகாரிக தர்மபாலர் ‘மகாபோதி’ இதழைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு கொழும்பில் நிறுவப்பெற்ற மகாபோதி சங்கத்தின் தலைமையிடமும் கல்கத்தாவுக்கு மாறியது. அந்நகரில் புதியவராகிய அவரை நீலகமல் முகர்ஜி என்னும் வங்காளப் பெரியவர் தம் இல்லத்தில் ஏற்றுக் குடும்பத்தில் ஒருவராகப் போற்றினார். அவர் பௌத்தக் குடியில் பிறந்தவர் அல்லர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1893ஆம் ஆண்டில் சிகாகோ சர்வமத மகாசபையிலிருந்து திரும்பும் வழியில், ஹோனலூலு துறைமுகத்தில் தர்மபாலரைக் கப்பலில் வந்து கண்டார் மேரி பாஸ்டர் அம்மையார். தம்மை வருத்தும் சினத்தை அடக்கும் வழி யாது என்பதே அவர் கேட்ட கேள்வி. சந்திப்பு சிறிது நேரமே நீடித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் 1913ஆம் ஆண்டில் தர்மபாலர் மீண்டும் ஹோனலூலு சென்று அவரைக் கண்டார். இடைப்பட்ட காலத்தில் இருவரையும் பிணைத்தவை கடல் கடந்து வந்த கடிதங்களே. 1920ஆம் ஆண்டில் கல்கத்தா கல்லூரிச் சதுக்கத்தில் திறக்கப்பெற்ற தர்மராஜிக சைத்திய விகாரைக்கு அவ்வம்மையாரின் கொடையே பெருந்துணையாயிற்று. சினத்தால் வருந்திய ஒருவருக்கு அன்புடன் கூறிய மறுமொழியில் முளைத்த நட்பு அது.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்த பண்டிதர் அயோத்திதாசர், 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரும், இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த தமிழரும் அவ்விதழின் வாயிலாக ஒருவரையொருவர் அறிந்தனர். முகம் காணாதவர்கள் உறவினராயினர். ஒரு பைசா விலையில் அவர்கள் பெற்றது வெறும் தாள் அன்று. நாம் தனியர் அல்லேம் என்னும் தெம்பு.

இவ்வளவும் கூறிய நாம், நம்முடைய குறையொன்றையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும்.

நம் சங்கத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமிதோறும் எல்லோர்க்கும் முன்னே வந்து பாய்களை விரிப்பார். மண்பானையைக் கழுவி நீர் நிரப்பி வைப்பார். பின்வரிசையில் சுவரோரமாக அமர்ந்துகொள்வார். கூட்டத்தில் அவர் பேசி நாம் கேட்டதில்லை. ஒரு பௌர்ணமியில் பானை வெறுமையாய் இருந்தது. தண்ணீர் இல்லையே என்று நாம் ஒவ்வொருவரும் சொன்னோம். அவர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமியிலும் அவ்வாறே ஆயிற்று. ஆண்டிறுதியில் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்தபோது, சந்தா வரவில்லை என்னும் காரணத்தால் அவர் பெயரின்மேல் கோடு இழுக்கப்பட்டது. அதை இழுத்த கை நம்முடையதே.

அவர் மூன்று மாதங்களாகப் படுக்கையில் கிடக்கிறார் என்பது பின்னர் தற்செயலாகத் தெரிய வந்தது. நாணத்தோடு நால்வர் சென்று பார்த்தோம். அவர் ஒரு குறையும் கூறவில்லை. “பாய் விரிக்க யாராவது வருகிறார்களா ஐயா?” என்று மட்டும் கேட்டார். நாம் விடை கூற இயலாமல் நின்றோம். அடுத்த பௌர்ணமிக்கு முன்பே அவர் காலமானார்.

பகவான் ஒருநாள் ஆனந்தருடன் விகாரையைச் சுற்றி வந்தபோது, வயிற்று நோயால் தம் கழிவிலேயே கிடந்த பிக்ஷு ஒருவரைக் கண்டார். உமக்குப் பணிவிடை செய்வார் இல்லையா என்று கேட்டார். நான் பிற பிக்ஷுக்களுக்குப் பயன்படாதவன். ஆகையால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை என்றார் அந்நோயாளி. பகவான் தாமே நீர் வார்க்க, ஆனந்தர் அவர் உடலைக் கழுவினார். இருவரும் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்பு பிக்ஷுக்களைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை. நீங்களே ஒருவரையொருவர் பேணாவிடில் யார் பேணுவார்? எனக்குப் பணி செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குப் பணி செய்வானாக என்னும் கருத்தில் அறிவுறுத்தினார். அந்நோயாளியேனும் பிறருக்குப் பயன்படாதவர் எனப்பட்டார். நம் பெரியவரோ பயன்பட்டவர். அவர் பயனை நாம் துய்த்தோம், அவரை மறந்தோம். நம் குற்றம் பெரிது.

சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்குப் பகவான் நான்கு அறங்களை உபதேசித்தார். கொடை, இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், தம்மைப்போற் பிறரையும் எண்ணும் சமபாவனை என்பன அவை. ஓடும் வண்டியின் சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணிக்கு அவற்றை ஒப்பிட்டார். கடையாணி சிறியது, பார்வையிற் படாதது. அது விழுந்த பின்னரே அதன் அருமை தெரிகின்றது. தங்கள் ஊதியத்தை நம்பி வாழ்ந்த எளியோர் தமக்கென ஒரு விகாரையைப் பெற்றது கொடை. கப்பலில் தர்மபாலர் கூறியது இன்சொல். கிருபாசரணரின் பள்ளி பயன்படும் செயல். அந்நியரை நீலகமல் முகர்ஜி தம் வீட்டாருள் ஒருவராக ஏற்றது சமபாவனை. நான்கும் இவ்வரலாறுகளிலேயே நமக்குக் காணக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூடச் சாதாரண மனிதர் செய்யக்கூடாத செயல் அன்று.

நண்பர் என்போர் நம் சொல்லுக்கெல்லாம் தலையசைப்பவர் அல்லர் என்பதையும் சிகாலனுக்குரிய உபதேசத்தில் பகவான் விளக்கியுள்ளார். தீமையிலிருந்து விலக்குபவரும், துன்பத்தில் கைவிடாதவருமே மெய்யான நண்பர். ஆகையால் சங்கத்தில் கருத்து வேற்றுமை எழுதல் கூடாது என்று நாம் கூறவில்லை. குற்றத்தைச் சுட்டிக்காட்டும் உரிமை, குடத்தை நிரப்பியவர்க்கே அழகாகும் என்று மட்டும் கூறுகிறோம்.

அன்பர்களே, அடுத்த பௌர்ணமியில் தர்ம உபதேசத்துக்கு முன்னர் உறுப்பினர் பட்டியலை உரக்கப் படிப்போம். வராதவர் பெயர் வரும்போது, நான் சென்று பார்க்கிறேன் என்று ஒருவராவது எழுந்து சொல்லவேண்டும். வெளியூரில் உள்ளவர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவோம். அல்லது தொலைபேசியில் அழைத்து நலம் கேட்போம். சந்தா நின்றுபோனவர் பெயரின்மேல் கோடு இழுப்பதற்கு முன்னே, அவர் வீட்டு வாயிலில் சென்று நிற்போம். பெரிய விகாரை கட்டும் ஆற்றல் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஒரு குடம் நீர் எடுத்து வைக்கும் ஆற்றல் நம்மில் எவர்க்கு இல்லை?

அப்பெரியவரின் பெயரைப் பட்டியலில் மீண்டும் எழுதி வைத்திருக்கிறோம். பௌர்ணமிதோறும் அப்பெயர் முதலில் படிக்கப்படும். அதன்பின் பானையில் நீர் இருக்கின்றதா என்று பார்த்துவிட்டே நாம் திரிசரணம் சொல்லத் தொடங்குவோம்.

சகல ஜீவர்களும் துணை பெற்று நலமுடன் வாழ்க. புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் அருள் நம் அனைவரையும் காக்குமாக.