பொம்மையிற் பெற்ற புள்ளிகள்

இதயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகின்றேன் என்றதும், கலைப்பீடத்து மாணவனுக்கு அதிற் காதலன்றி வேறென்ன தெரியும் என நண்பர்கள் நகைத்தனர். நகைப்பு ஒருபுறமிருக்க, என் தாயார் ஒரு போதனா வைத்தியசாலையில் எக்கோ பரிசோதனைக்காகப் படுத்திருந்தபோது எழுந்த வினா என்னை இன்னும் விட்டபாடில்லை. இளம் வைத்தியர் ஒருவர் கருவியின் முனையை அவரது விலாவெலும்புகளுக்கிடையே நெடுநேரம் அழுத்தியும் வேண்டிய தோற்றம் திரையில் விழவில்லை. பின்னர் வந்த மூத்த வைத்தியர் மணிக்கட்டைச் சற்றே திருப்பினார், இதயம் தெரிந்தது. பிள்ளை பழகத்தானே வேண்டும் என்றார் அம்மா. ஆயின், பழகலாமா என அவரை முன்னர் எவரும் கேட்கவில்லை.

1953 இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற வைத்தியரும் கார்ல் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகத்தின் உள்வெடிப்புக்களைக் கண்டறியும் கழியொலிக் கருவியை மனித இதயத்தின்மீது பிரயோகித்தனர். இத்துறை அங்ஙனம் தொடங்கிற்று. அன்றுதொட்டுக் கருவி எவ்வளவோ திருந்தியுள்ளது. எனினும் இப்படம் பெரும்பாலும் கை தரும் படமேயாகும். முனை சிறிது பிசகினும் இடது இதயவறை உள்ளதிலுங் குறுகித் தோன்றும். கை பிழைப்பின் தீர்ப்பும் பிழைக்கும்.

அக்கையை நோயாளியின் உடலிற் பழக்காது பொம்மையிற் பழக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. மயாமிப் பல்கலைக்கழகத்து மைக்கல் கோர்டன் 1968 இலேயே ‘ஹார்வி’ என்னும் இதயநோய்ப் பொம்மையை அறிமுகஞ் செய்தார். இன்றைய எக்கோப் பொம்மையிலோ, போலி முனையின் இடத்தையும் சாய்வையும் கணினி உணர்ந்து அதற்கேற்ற இதயத்தைத் திரையில் வரைகின்றது. உரிய தளத்திலிருந்து கை எத்தனை பாகை விலகிற்று என்பதையும் அளக்கின்றது. பரீட்சை என்றவகையில் இதில் ஒரு நீதி உண்டு. நோயாளியரைக் கொண்டு சோதிப்பின் ஒரு பரீட்சார்த்திக்கு மெலிந்த இளைஞனும் இன்னொருவருக்கு மூச்சுத்திணறும் முதியவரும் வாய்ப்பர். பொம்மை எல்லோருக்கும் ஒரே இதயத்தையே நீட்டுகின்றது.

ஆனால் அப்புள்ளி எதைக் காட்டுகின்றது? பிரான்சில் 2020–2021 இல், உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோவைப் பயிலும் 324 இளம் இதயவியலாளர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. பொம்மையில் இரண்டு மணித்தியாலப் பயிற்சி இருமுறை பெற்றோர், மூன்று மாதங்களின் பின் ஏனையோரை விஞ்சினர். செய்முறைப் பரீட்சையும் பொம்மையிலேயே நிகழ்ந்தது. எனவே பொம்மையிற் பயின்றோர் பொம்மையிற் சிறத்தல் வியப்பன்று எனலாம். எனினும் அறிமுறைப் பரீட்சையிலும் அவர்களே முந்தினர் என்பதைத் தட்டிக்கழிப்பதற்கில்லை. அதேவேளை, பொம்மைக்கு அச்சமில்லை, ஓங்காளமில்லை. செய்துகாட்டல் வேறு, செய்தல் வேறு என ஜோர்ஜ் மில்லர் 1990 இல் வகுத்த வேறுபாடு இங்குதான் உறைக்கின்றது.

என் கருத்து இதுவே: பொம்மையில் வென்றவர் நல்ல வைத்தியர் என்பதற்கு அவ்வெற்றி சான்றாகாது, தோற்றவர் அன்றைக்கு நோயாளியைத் தொடலாகாது என்பதற்கு அத்தோல்வி போதும். திறமையுள்ள ஒருவர் பொம்மையின்முன் தடுமாறவுங் கூடும். அவர் இழப்பது சில நாட்கள். மறுபுறத்தில் இழப்பவர் படுத்திருப்பவர்.

பொம்மை வாங்க வசதியற்ற இடங்களில் யாது செய்வது? பணமுள்ளவர் தனியார் மருத்துவமனையிற் பழகிமுடித்த கையை நாடுவர். பழகும் கைக்கு உடல் கொடுப்பவர் ஏழையரே. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார் காண்ட். ‘மட்டும்’ என்ற அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். கேட்டு, அவர் இசைந்தபின் கற்பது ஒன்று; கேளாது கற்பது பிறிதொன்று.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மீண்டும் எக்கோ. இம்முறையும் இளையவர் ஒருவர் வரக்கூடும். கேட்டால் அம்மா மறுக்கமாட்டார்.