அபயமும் அரிசியும்

ராஜஸ்தானத்தில் ஸவாய் மாதோபூருக்குச் சமீபத்திலுள்ள ரணதம்போர்க் கோட்டைக்கு ஒரு மார்கழி மாதத்தில் போயிருந்தேன். ஆரவல்லித் தொடரும் விந்தியத் தொடரும் சந்திக்கும் இடத்தில், நாற்புறமும் வனம் சூழ, உச்சி தட்டையான ஒரு மலையின்மேல் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் வளைந்து கிடக்கிறது. அரணுக்கு வேண்டுமென்று திருவள்ளுவர் எண்ணிச் சொன்ன நீர், வெளிநிலம், மலை, நிழற்காடு ஆகிய நாலும் ஒருங்கே வாய்த்திருப்பதை மதில் ஓரத்தில் நின்று கீழேயுள்ள ஏரியை நோக்கினாலே கண்டுகொள்ளலாம். ஜயப்பூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடாக வெகுகாலம் இருந்த இவ்வனம், 1973ஆம் ஆண்டில் புலிகளைக் காக்கும் திட்டத்தில் முதன்முதல் சேர்க்கப்பட்ட ஒன்பது காடுகளில் ஒன்று. சேனைகளைத் தடுப்பதற்காக எழும்பிய வாயில்களில் இன்று குரங்குகள் குடும்பத்தோடு அமர்ந்து வெயில் காய்கின்றன. கோட்டைக்குள்ளே ஜனங்கள் கூடும் இடம் முக்கண் கணபதியின் கோயில் ஒன்றுதான். அந்தக் கணபதிக்குத் தபாலில் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிகின்றன. பிள்ளையாருக்கு விலாசம் எழுதித் தபாலில் சேர்க்கும் அந்த நம்பிக்கை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டு விடாதது வேறொரு விஷயம். 1299ஆம் ஆண்டில் குஜராத்தைச் சூறையாடித் திரும்பிய டில்லிச் சேனையில், கொள்ளையின் பங்கைப் பற்றிய மனஸ்தாபத்தால் கலகம் செய்த மங்கோலிய வீரர் சிலர் தப்பி ஓடி, இக்கோட்டையை ஆண்ட ஹம்மீர தேவனிடம் சரணடைந்தார்கள். அவர்களைத் தரும்படி டில்லியார் கேட்டார்கள், அவன் தரவில்லை. முற்றுகையிட்ட தளபதிகளுள் நுஸ்ரத் கான் கோட்டையிலிருந்து வந்த கல்லடியால் மடிந்தபின், டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியே நேரில் வந்தான். உள்ளே பஞ்சம் முற்றி, ஒரு மணி அரிசிக்கு இரண்டு மணி பொன் கொடுக்கச் சித்தமாயிருந்தும் கிடைக்கவில்லை என்று அக்காலத்துக் கவி அமீர் குஸ்ரு எழுதிவைத்திருக்கிறார். 1301 ஜூலையில், அந்தப்புரத்துப் பெண்கள் தீயில் இறங்கிய பின்னர், ஹம்மீரன் வெளியே வந்து போரிட்டு மாண்டான். அடைக்கலம் புகுந்த தலைவன் முகம்மது ஷா கடைசிவரையில் அவன் பக்கத்திலேயே நின்றான். ஹம்மீரனுக்குத் துரோகம் செய்து டில்லிப் பக்கம் போன அவன் ஆட்களையோ, அலாவுதீனே கொன்றுவிட்டான் என்று பழைய சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

வடநாட்டில் ஹம்மீரனின் பிடிவாதம் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. நானும் இளமையில் இக்கதையைப் படித்தபோது மெய்சிலிர்த்தவன்தான். ஆனால் அந்த மலைமேல், இடிந்து கூரையற்று நின்ற ஒரு மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, சிபிச் சக்கரவர்த்தியை நினைத்துக்கொண்டேன். புறாவுக்கு அபயம் கொடுத்த சிபி, தராசில் வைத்தது தன் தொடைச் சதையை; ஹம்மீரன் தராசில் வைத்தது யாருடைய சதையை? வாக்குக் கொடுத்தவன் அவன். அரிசி கிடைக்காமல் தவித்தவர்களும் தீயில் இறங்கியவர்களும் அந்த வாக்கைக் கொடுத்தார்களா என்று எந்தக் காவியமும் விசாரிக்கவில்லை. அதற்காக, வந்தவர்களைக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவும் என் நாக்கு எழவில்லை. அப்படிக் கொடுத்திருந்தால் அந்த ஏழு கிலோமீட்டர் மதிலுக்கு என்ன அர்த்தம்?

இக்கேள்வி எனக்குப் புதிதன்று. என் வீட்டுத் திண்ணையிலேயே பிறந்து வளர்ந்தது அது. எங்கள் தகப்பனார், அகாலத்தில் வழிப்போக்கன் எவன் வந்து கூப்பிட்டாலும், "யாரப்பா, சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது கேள்வி கேட்காமல் உள்ளே திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுப்பார். அவருடைய தர்மம் அந்தக் குரலோடு பூர்த்தியாகிவிடும். அணைந்த அடுப்பை மறுபடி மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கி உலை வைத்து, அரிசி குறைந்த நாளில் தன் பங்கை அவனுக்கு இட்டுவிட்டு, எஞ்சிய கஞ்சித் தண்ணீரைக் குடித்துப் படுத்தவள் அம்மா. ஊரார் தகப்பனாரைத் தர்மவான் என்றார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை, பாதிதான் இருந்தது.

அவர் காலமான இரண்டாம் வருஷம், திருட்டுப் பயம் என்று நான் திண்ணைக்கு இரும்புக் கம்பி அடைத்தேன். அம்மா வருந்துவாள் என்றும், அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் எண்ணி, வார்த்தைகளைக்கூடச் சேகரித்து வைத்திருந்தேன். அவள் வெகுநேரம் கம்பிகளைத் தடவிப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"பூட்டு உண்டோடா?" என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "இது என்கிட்டவே இருக்கட்டும். எவனாவது வந்தால் திறக்கிறதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.