கவலை: சொல்லும் அறமும்

மனிதன் கவலைப்படுவது குறையா, கடமையா என்னும் வினா மிகப் பழையது. கவலையைக் களைவதே அறிவுடைமை என்று மெய்யியலாளர் பலர் கூறிச் சென்றனர். பிறர்க்காகக் கவலைப்படாத நெஞ்சை ஈரமற்ற நெஞ்சென்று உலக வழக்குப் பழித்து வந்துள்ளது. இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றுகின்றன. ஆயின், ஒரே பெயரால் சுட்டப்படும் உணர்வுகள் பலவாயிருத்தலே இம்முரண்பாட்டுக்குக் காரணமாகலாம். ஆங்கிலத்தில் கவலைப்படுதலைக் குறிக்கும் ‘வொறி’ என்னும் சொல்லின் வரலாற்றையும், அதனோடு ஒருபொருட் கிளவிகளாக வழங்கும் ஏனைய சொற்களையும் நோக்கின் இவ்வினா ஓரளவு தெளிவுறும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் கழுத்தை நெரித்தல் என்னும் பொருளைத் தந்தது. இதனோடு உறவுடைய ஜேர்மன் வினைச்சொல் இன்றும் நெரித்தலையே குறிக்கின்றது. இடைக்கால ஆங்கிலத்தில் நாயோ ஓநாயோ ஆட்டின் குரல்வளையைப் பற்றிக் குதறுதலை இச்சொல் உணர்த்திற்று. அப்பொருள் முற்றாக வழக்கொழிந்துவிடவுமில்லை. கால்நடைகளைப் பாதுகாக்கும் பொருட்டுப் பிரித்தானியாவில் 1953ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், நாய்கள் அவற்றைத் தாக்குதலையும் துரத்துதலையும் இச்சொல்லாலேயே குறிப்பிட்டது. காலப்போக்கில் ஒருவரை மற்றொருவர் ஓயாது தொல்லைப்படுத்துதல் என்னும் பொருள் தோன்றியது. ஒருவர் தம்முள் தாமே வருந்துதல் என்னும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது.

இவ்வரலாற்றில் இலக்கண மாற்றமொன்று அடங்கியுள்ளது. தொடக்கத்தில் இது செயப்படுபொருள் குன்றா வினை. நாய் எழுவாய், ஆடு செயப்படுபொருள். இறுதியில் அது செயப்படுபொருள் குன்றிய வினையாகவும் வழங்கலாயிற்று. கவலைப்படுபவர் எழுவாயாக நிற்கின்றார். அவரை வருத்துவது எதுவென்று வாக்கியம் கூறுவதில்லை. கடிக்கும் நாயும் கடிபடும் ஆடும் ஒருவரே என்னும் தோற்றத்தை இவ்வமைப்பு உண்டாக்குகின்றது.

ஒத்த பொருளுடைய பிற சொற்களும் உடலை வருத்தும் செயல்களிலிருந்தே பிறந்துள்ளமை நோக்கற்பாலது. ‘அங்சயிற்றி’ என்பது நெருக்குதல், மூச்சடைக்கச் செய்தல் என்னும் பொருள்களையுடைய இலத்தீன் வினையடியாகத் தோன்றியது. ‘பிறெற்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் விழுங்கித் தின்னுதலைக் குறித்தது. கவலை மனத்தை அரிக்கின்றது என்னும் தமிழ் வழக்கும் இதனையொத்ததே.

ஆயின், ‘கெயார்’ என்னும் சொல் வேறொரு திசையைக் காட்டுகின்றது. பழைய ஆங்கிலத்தில் துயரத்தையும் கவலையையும் குறித்த இச்சொல், பின்னர் பேணுதல், பராமரித்தல் என்னும் பொருள்களையும் பெற்றது. அதனடியாகப் பிறந்த ‘கெயார்புல்’ இன்று அவதானமுடைமையைக் குறிக்கும். 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபத்தில், கவலை நிறைந்திருத்தல் என்னும் பொருளில் அதே சொல் ஆளப்பட்டுள்ளது. ‘கெயார்பிறீ’, ‘கெயார்லெஸ்’ ஆகிய இரண்டும் அது இல்லாமையையே சுட்டுவன. எனினும் முன்னையது கவலையற்ற மகிழ்ச்சியையும் பின்னையது பொறுப்பற்ற தன்மையையும் உணர்த்துகின்றன. கவலையை வேரோடு களைந்தால் எஞ்சுவது மனவமைதியா, பொறுப்பின்மையா என்னும் ஐயம் இவ்விரு சொற்களுள்ளும் உறைகின்றது.

இவ்வையத்துக்கு ஸ்தோயிக்கர் தந்த விடை புகழ்பெற்றது. அடிமையாக வாழ்ந்து பின்னர் விடுதலை பெற்ற எபிக்டீற்றஸ், மனிதனின் ஆற்றலுக்கு உட்பட்டவற்றையும் உட்படாதவற்றையும் பிரித்தறியுமாறு போதித்தார். உட்படாதவற்றைக் குறித்துக் கலங்குதல் அறியாமை என்பது அவர் கொள்கை. தன் தலைவனின் விருப்புக்கு உடலால் ஆட்பட்டிருந்த ஒருவர் உள்ளத்தின் சுதந்திரத்தை இவ்வாறு காத்துக்கொண்டமை போற்றத்தக்கது. எனினும், ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும்போது ஒழுக்கமாக விளங்கும் இவ்வறிவுரை, வலியோரால் மெலியோர்க்குக் கூறப்படும்போது அவ்வாறு விளங்குமா என்பது ஐயத்துக்குரியது. அடிமை தன் மனத்தை அடக்கியாள்வது ஆண்மை. அமைதியாயிரு என்று தலைவன் அடிமைக்கு உபதேசிப்பது அறமாகாது.

தமிழில் ‘கவலை’ என்பதற்குப் பாதை பிரியும் இடம் என்னும் பொருளும் உண்டு. சங்க நூல்களில் அப்பொருளில் அச்சொல் பயின்று வந்துள்ளது. எவ்வழி செல்வதென்று அறியாது கவர்வழியில் நிற்பவனது நிலையை மனக்கவலைக்கு உவமையாகக் கொள்ளுதல் பொருத்தமே. டென்மார்க்கு நாட்டு மெய்யியலாளர் சோரன் கீர்க்கேகாட் 1844இல் வெளியிட்ட நூலொன்றில், பதற்றத்தைச் சுதந்திரத்தோடு தொடர்புபடுத்தினார். பாதாளத்தை எட்டிப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றுவது போலத் தன்முன் விரியும் சாத்தியங்களை நோக்குபவனுக்குப் பதற்றம் உண்டாகின்றது என்பது அவர் கருத்து. இந்நோக்கில், தெரிவு செய்யும் உரிமையுடையவன் செலுத்தவேண்டிய விலையே கவலை எனலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ஆறுதல் கூறுவோர், கவலைப்பட வேண்டாம் என்பதற்கு ‘யோசிக்க வேண்டாம்’ என்பர். அன்பினால் எழும் சொல்லாயினும், கவலையோடு சேர்த்துச் சிந்தனையையும் கைவிடுமாறு கூறிவிடும் அபாயம் அதில் உண்டு.

இவற்றைத் தொகுத்து நோக்கின், கவலையுறும் ஒருவரை அணுகுவோர் முதலில் அவருடைய கழுத்தை நெரிக்கும் கை யாருடையது என்று வினவவேண்டும் என்பது பெறப்படும். தான் செய்யாத பிழைகளுக்கும் இன்னும் நிகழாத கேடுகளுக்கும் அஞ்சி ஒருவன் தன்னைத் தானே வருத்திக்கொள்வானாயின், எபிக்டீற்றஸின் போதனை அவனுக்கு மருந்தாகும். நோயுற்ற பிள்ளையின் அருகே விழித்திருக்கும் தாயின் கவலையோ பேணுதலின் மறுபெயர். அதனை நீக்க முயல்வதைவிட அவளுடைய இரவுக் காவலைப் பகிர்ந்துகொள்வதே மேலானது. ஒரு கவலை பேணுதலா, வெறும் அரிப்பா என்பதை அதனால் விளையும் செயலே காட்டும். இரவு முழுவதும் வருந்திவிட்டு விடியலில் நோயாளியை எட்டியும் பாராதவர், தம் வருத்தத்தையே கடமையாகக் கருதித் தம்மை ஏமாற்றிக்கொள்கின்றார்.

மூன்றாவது வகை இவ்விரண்டினும் வேறானது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டமொன்றைத் தொடங்கினர். அவர்களது நெஞ்சை வருத்துவது மனத்தின் பலவீனமன்று; விடையளிக்கப்படாத வினாவே அவர்களை வருத்துகின்றது. அன்னோரிடம் கவலையை மறக்குமாறு கூறுவது, செயப்படுபொருள் குன்றா வினையைக் குன்றியதாக்கி எழுவாயை மறைத்துவிடும் செயலாகும். ஆட்டின் நடுக்கத்தைத் தணிக்க முயல்வோர் நாயைக் காணத் தவறலாகாது. ‘வொறி’ என்னும் சொல் தன் பழம்பொருளில் இழந்துவிட்ட எழுவாயைத் தேடிக் கண்டு பெயரிடுதல், கவலை பற்றிய எந்த அறவிசாரணைக்கும் முதற்படியாகும்.