உப்பை இறக்கி வைத்தல்

1
நேற்றிரவு உப்புப் பிசறி வைத்த மாங்காய்த் துண்டுகள் காலையில் தண்ணீர் விட்டிருந்தன. யாரும் பிழியவில்லை. உப்பு மிகுந்த பக்கம் நீர் தானாக நகர்ந்துவிட்டது. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஜாடியை மூடும்போது, இப்போது படித்துக்கொண்டிருக்கும் மீனின் ஈரலை நினைத்துக்கொண்டேன்.

2
மாங்காயின் செல்லுக்குச் சுவர் உண்டு. மீனின் செல்லுக்கு மெல்லிய கொழுப்புச் சவ்வு மட்டுமே. வெளியே உப்பு குறைந்தால் நீர் உள்ளே பாயும். தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் செல் உப்பும். அளவு மீறினால் கிழியும்.

3
பழவேற்காட்டில் மழை கொட்டினால் ஏரியின் உப்பு இறங்கும், வெயிலில் ஏறும். மடவையும் கொடுவாயும் இரண்டிலும் வாழ்கின்றன. கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 1,000 மில்லிஆஸ்மோல். இத்தகைய மீன்களின் ரத்தத்தில் அது 300-ஐ ஒட்டி நிற்கும். செவுளும் சிறுநீரகமும் குடலும் அந்த வித்தியாசத்தைக் காக்கின்றன. அவற்றையும் மீறி ரத்தம் சற்று நீர்த்துப்போகும்போது, ஒவ்வொரு செல்லும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

4
செல் தன் அளவைக் காப்பது பற்றிய ஆய்வுகளுக்கு வானவில் ட்ரவுட்டின் ஈரல் நெடுநாளாக உதவி வருகிறது; நீலகிரியின் அவலாஞ்சியிலும் வளர்க்கப்படும் மீன் இனம் அது. ஈரலை நொதியால் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, உப்பு குறைந்த கரைசலில் விடுகிறார்கள். சில நிமிடங்களில் செல் உப்பிவிடுகிறது. பிறகு, கரைசல் மாறாமல் இருக்கும்போதே, அது மெல்ல இளைக்கத் தொடங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவை நெருங்குகிறது.

5
எப்படி? நீரை இறைத்து வெளியேற்றும் பம்பு எதுவும் அந்தச் செல்லிடம் இல்லை. அதனால் முடிந்தது ஒன்றுதான்: நீரை உள்ளே இழுத்து வைத்திருக்கும் பொருள்களை விட்டுவிடுவது. உப்பியதும் சவ்வில் வாயில்கள் திறக்கின்றன. பொட்டாசியமும் குளோரைடும் வெளியேறுகின்றன. நீர் அவற்றின் பின்னாலேயே போகிறது.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். செல் நீரோடு மல்லுக்கு நிற்கவில்லை. கையில் இருந்ததைத் திறந்துவிட்டது.

6
எல்லாவற்றையும் பொட்டாசியத்தாலேயே ஈடுகட்ட முடியாது. அது மிகக் குறைந்தால் சவ்வின் மின்னழுத்தமும் நொதிகளின் வேலையும் குலையும். அங்கேதான் டாரின் கைகொடுக்கிறது. 1827-இல் எருதின் பித்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. பெயரும் எருதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புரதங்களைக் கட்டும் கல்லாக இது சேர்வதில்லை. கூடினாலும் குறைந்தாலும் செல்லின் வேலை பெரிதாகத் தடைபடாது. அதனால் ஈரல் செல் இதைச் சேர்த்து வைத்திருக்கிறது. உப்பும்போது பொட்டாசியத்தோடு இதையும் விடுகிறது.

7
வெளியே நீரின் உப்பு மாறாவிட்டாலும் ஈரலுக்கு ஓய்வில்லை. உணவு செரித்ததும் அமினோ அமிலங்கள் முதலில் அங்கேதான் வந்து சேர்கின்றன. செல் அவற்றைச் சோடியத்தோடு உள்ளே இழுக்கிறது, நீரும் வருகிறது. செல் லேசாக உப்புகிறது. அந்த உப்பலே ஒரு செய்தி என்று எலியின் ஈரலில் கண்டிருக்கிறார்கள்: செல் பருத்தால் கிளைக்கோஜன் சேமிப்பு கூடுகிறது, புரதச் சிதைவு குறைகிறது; சுருங்கினால் நேர்மாறு. வயிறு நிறைந்ததைச் செல் தன் பருமனால் அறிகிறது.

8
பசியிலும் வேலை நிற்பதில்லை. உள்ளே சிறைப்பட்ட புரதங்கள் எப்போதும் நீரை அழைத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பு இடைவிடாமல் ஓடுகிறது. யென்ஸ் ஸ்கோ என்ற விஞ்ஞானி 1957-இல் நண்டின் நரம்பில் கண்ட அதே பம்பு. அசையாமல் கிடப்பதாகத் தோன்றும் செல், அந்த அளவிலேயே இருப்பதற்கு நாள் முழுதும் கூலி கொடுக்கிறது.

9
இன்று மனதில் தங்கியது இதுதான். இளைத்து முடித்த செல்லைப் பழைய கரைசலுக்கே திருப்பினால், அது முன்பிருந்ததைவிடச் சிறுத்துப்போகும். விட்டுக்கொடுத்தது அதன் உடலில் தெரிகிறது. வாயில் திறந்து வெளியேற நிமிடங்கள் போதும். டாரினைத் திரும்பச் சேர்ப்பதோ சோடியத்தின் துணையோடு, ஆற்றல் செலவழித்து, மெல்ல நடக்க வேண்டிய காரியம். செல் அதையும் தொடங்குகிறது.