பெரிஸ்கோப்பின் கண்

ஊத்துக்குளியில் நண்பர் வீட்டில் 'ட்ரேட்விண்ட்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் பழைய புகைப்படம் பார்த்தேன். அழகாகவே இருக்கிறது, அதுதான் சங்கடம். 1944 செப்டம்பர் 18இல், சுமத்ராவுக்கு அருகே, 'ஜுன்யோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை அது டார்பிடோவால் மூழ்கடித்தது. உள்ளே நேசநாட்டுக் கைதிகளும், ரயில் பாதை போடக் கொண்டுபோன ஜாவானியக் கூலிகளும். 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். தளபதி மேடனுக்கு அது தெரியாது.

தெரியாதவன் குற்றவாளி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிஸ்கோப் கப்பலைக் காட்டும், கப்பலின் வயிற்றைக் காட்டாது. தெரியாமல் போவது வேறு. தெரிய வேண்டாதபடி கண்ணைச் செய்துகொள்வது வேறு. என் கையிலிருந்த படமும் அந்த ஜாதிதான். சுடாமல் விட்டிருந்தால் மட்டும் என்ன, என்றார் நண்பர். தப்பிய கைதிகளை ஜப்பானியர் பெக்கன்பாரு பாதைக்கே அனுப்பினார்கள். பலர் அங்கே மாண்டார்கள். அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. கைதிகளுக்காவது பெயர்ப் பட்டியல் உண்டு. கூலிகளில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.