சைக்கிளில் வந்தவர்

போன செமஸ்டர் விடுமுறையில் நானும் என் அறைத் தோழனும் குவாந்தானிலிருந்து கோத்தா பாரு வரை சைக்கிளில் போனோம். 3ஆம் எண் கூட்டரசுச் சாலை, பெரும்பாலும் கடலை ஒட்டியே 350 கிலோமீட்டருக்கு மேல். "அங்க உனக்கு யாருடா இருக்கா?" என்று அம்மா கேட்டார். யாரும் இல்லைதான்.

டுங்குன் தாண்டியதும் என் பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. ஒரு கம்பிதானே என்று நினைக்காதீர்கள். அது இழுத்துப் பிடித்திருந்த ரிம் மறுபக்கம் சாய்ந்து, பிரேக்கில் உரச ஆரம்பித்துவிடும். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு ஏன் என்று விளக்கத் தெரியும், சரிபண்ணத்தான் தெரியாது!

சாலையோரப் பட்டறையில் இருந்த பாக்சிக் ஒருவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுந்து வந்தார். பழைய சக்கரங்களிலிருந்து கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக அளவு பார்த்தார். நாலாவது கம்பிதான் பொருந்தியது. அதற்குள் அவர் மனைவி எட்டிப் பார்த்து, "டா மாக்கங்?" என்றார். திரங்கானுவில் 'மாக்கான்' இப்படித்தான் ஒலிக்கும். சாப்பிட்டாச்சா என்கிறார். எங்கள் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்தார் போல. "மாட்டிறைச்சி ஆகாதுல்ல?" என்று அவரே கேட்டுவிட்டு, சோறும் முட்டைப் பொரியலும் உலாமும் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது நான் நீட்டிய பணத்தைப் பாக்சிக் என் சட்டைப்பைக்குள்ளேயே திணித்தார். "சிம்பான், சிம்பான்." நீயே வச்சுக்கோ.

அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பது? அவருக்கே திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்தவருக்குச் செய்துவிட வேண்டியதுதான் என்று தோழன் சுலபமாகச் சொல்லிவிட்டான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, வீடு திரும்பும் வரைக்கும்.

எங்கள் தாமான் வழியாகத் தினமும் மாலையில் ஒருவர் சைக்கிளில் போவார். வங்காளதேசத்துக்காரர், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. நான் 5 நாள் ஆசைக்கு ஓட்டினேன், அவர் பிழைப்புக்கு ஓட்டுகிறார். வெயில் ஒன்றுதான். வீட்டை விட்டு அவர் வந்திருக்கும் தூரம் என்னுடையதைவிட எவ்வளவோ அதிகம். என்னிடம் வழியெல்லாம் "எங்கிருந்து வர்றீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார்கள். அவரிடம் எங்கள் வரிசை வீடுகளில் யாரும் கேட்டதில்லை. இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், நானும் கேட்டதில்லை.

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதிதாய் வந்தவர். தீபாவளிக்கு வருகிற மாமாவும் சித்தியும் நமக்குப் புதியவர்களா? திருக்குறளில் இதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மனப்பாடப் போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

"காலம் கெட்டுக் கிடக்கு, எல்லாரையும் நம்ப முடியுமா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இருட்டிய பிறகு கேட்டைத் திறக்காதே என்று அம்மா சொல்வதும் காரணமில்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாக்சிக்கும் எங்களைப் பற்றி எதுவும் தெரியாதே. நல்ல ஹெல்மெட்டும் பளபளக்கும் சைக்கிளும் எங்களுக்காகப் பரிந்து பேசியிருக்குமோ? வேலைச் சட்டையோடு போயிருந்தாலும் அவர் எழுந்து வந்திருப்பார் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

போன வாரம் தாமான் நுழைவாயிலில் அவருடைய சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. நான் மோட்டாரை நிறுத்தி, உதவட்டுமா என்று மலாயில் கேட்டேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பெர்மிட் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "தாக் அப்பா, போஸ், தாக் அப்பா" என்று சொல்லிக்கொண்டே செயினை அவசரமாக மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.